எண்பத்தேழாம் படிவம்

ஆனைக்குட்டம்
12.6.2009

பிரபா அக்காவுக்கு,

முருகம்மாள் எழுதுவது. 1982-இல் நீங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய எங்கள் ஊருக்கு வந்தீர்களே, அந்த முருகம்மாள். உங்கள் விலாசம் எனக்குத் தெரியாது. உங்கள் படிவத்தின் தலையில் அச்சடித்திருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களோ என்னவோ.

படிவம் எப்படி என் கைக்கு வந்தது என்று கேட்பீர்கள். நான் இப்போது வீட்டிலிருந்து வெடிக்குக் குழாய் உருட்டுகிறேன். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்திலிருந்து ஏஜெண்டு வேலுச்சாமி அண்ணன் பழைய தாளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு இறக்குவார். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி உருட்டி, கம்பியை உருவினால் குழாய். மருந்து வைப்பதெல்லாம் கம்பெனியில். பரீட்சைத் தாள் வரும், ஆஸ்பத்திரிச் சீட்டு வரும், வக்கீல் காகிதம் வரும். யாரும் படிப்பதில்லை. கைக்கு ஓட்டம்தான் முக்கியம்.

போன செவ்வாய்க்கிழமை பாதி உருட்டிய தாளில் 'ஆனைக்குட்டம்' என்று நீல மையில் தெரிந்தது. பிரித்தேன். கீழத்தெரு சுந்தரியின் பெயர். அடுத்த தாள் அவள் அண்ணனுடையது. கட்டு முழுவதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். ஒன்பதாவதோ பத்தாவதோ தாளில் நான் இருந்தேன். எண் 87. முருகம்மாள், வயது 15. உங்கள் கையெழுத்துதான். 'ழ'வுக்கு வால் நீளமாக இழுப்பீர்களே, அது.

பின்பக்கம் நான் சொன்னது அத்தனையும் இருக்கிறது. மேலே தேதி இருக்கிறது. 19.8.82, காலை 9 மணி, வீட்டில்.

என் தங்கச்சி பேச்சி செத்த நாள், அக்கா. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், அதனால்தான் எனக்குப் பதில் அவள் வேலைக்குப் போனாள் என்றுதான் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்தவள் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பக்கம் நிறையப் பதில் சொல்லியிருக்கிறாள் என்று அந்தத் தாள் சொல்கிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் இப்போது படிக்கத் தெரியாதவர்கள் அவளும் இன்னும் இரண்டு பேரும்தான். கட்டு இறங்காத வீடும் கிடையாது.

மொத்தம் எத்தனை படிவம்? என்னுடையதற்கு இன்னொரு பிரதி எங்கேயாவது உண்டா? "ஒருத்தருக்கும் தெரியாது, பூட்டி வைப்பேன்" என்று சொன்னீர்கள். அந்தப் பூட்டு என்ன ஆயிற்று?

முருகம்மாள்

—

சென்னை
24.6.2009

அன்புள்ள முருகம்மாள்,

உன் கடிதம் சரியாகவே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இதே கட்டடத்தில்தான் இருக்கிறேன்.

நீ கேட்டவற்றுக்குப் பதில். மொத்தம் 214 படிவங்கள். வேறு பிரதி எடுக்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் ஆவண மையத்தில் கொடுத்து வைத்திருந்தேன். 2007-இல் மையம் அவற்றைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியது. தாள்கள் இடத்தை அடைக்கின்றன, அப்புறப்படுத்தலாமா என்று ஒரு கடிதம் வந்தது. ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டேன். எடைக்குப் போயிருக்க வேண்டும். அவை உன் ஊருக்கே வந்து சேரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றுகிறது. யாரும் படிப்பதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் தாள் உன் கைக்கே வந்துவிட்டது. மற்றவை குழாய்களாகிவிடும். கணினியில் இருப்பது ஆராய்ச்சி செய்பவர்களுக்கு மட்டும்தான். அவர்களுக்கு வேண்டியது எண்ணிக்கை. முருகம்மாள் யார் என்பதில் அவர்களுக்கு அக்கறை இருக்காது.

உன் கடிதத்தைப் படித்த அன்று வகுப்பு எடுக்க முடியவில்லை. பேச்சியின் கை ஞாபகம் வந்தது. அப்பாமார்களிடம் ரேகை வாங்க நான் கொண்டுவந்த மைத்தட்டை அவள் விடவே மாட்டாள். கட்டைவிரலைத் தோய்த்துக் கண்ட இடத்தில் எல்லாம் வைப்பாள். படிவம் பாழாகிறது என்று கத்துவேன். "ஒங்க தாளுல எடம் சும்மாதான கெடக்கு?" என்பாள். அப்போது அணை வரவில்லை. ஆற்று மணலில் உட்கார்ந்து நான் அன்றன்றைய படிவங்களைச் சரிபார்ப்பேன்; நீங்கள் இரண்டு பேரும் என் பேச்சைப் பழித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டிருக்கிறேன். யாரும் என்னைப் பழித்துக் காட்டியதில்லை.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

பிரபாவதி

—

ஆனைக்குட்டம்
5.7.2009

பிரபா அக்காவுக்கு,

யாரும் நினைத்திருக்க முடியாதா? சிவகாசிக்கு வராத பழைய தாள் எது, அக்கா? நீங்கள் விருதுநகரில் பிறந்தவர்கள். சென்னைக்காரர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

குழாயாகிவிடும் என்று சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வீடு வீடாகப் போனேன். என்னிடம் இருந்த நல்ல செய்தித்தாள் கட்டைக் கொடுத்துவிட்டு உங்கள் படிவக் கட்டை வாங்கினேன். செய்தித்தாள் வழுக்காமல் உருளும், யாரும் மாற்றிக்கொள்வார்கள். எதிர்வீட்டு ராக்கு மட்டும் கேள்வி கேட்காமல் தரவில்லை. "என்னடி இது, மொடமொடன்னு இருக்க தாளக் கேட்டு வாங்குற? தாளுக்குள்ள தங்கமா இருக்கு?" என்றாள். வேலுச்சாமி அண்ணன் திட்டினார். "ஏத்தா, சீசன் நேரத்துல தாளப் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்க. கலெக்டர் பரீட்சை எழுதப் போறியாக்கும்? நாளைக்கு லோடு ஏத்தணும், பாத்துக்க."

இதுவரை 151 சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாக நானே உருட்டுகிறேன். படிக்காமல் உருட்டுகிறேன். ராக்குவின் தாள் அதில் இருந்தது. அவள் அந்த வயதில் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு எதற்கு?

நீங்கள் கொஞ்சம் அதிகம் என்று எழுதியதால் நான் முழுவதையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். மறந்திருக்கலாம்.

விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். ஏஜெண்டு சங்கிலிமுத்து படியில் நின்று நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பெயருக்கு ஒரு உருப்படி ஏற வேண்டும். யார் ஏறுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆள் ஏறாவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையை எழுதிக்கொள்வார். அதனால் ஒருத்திக்கு முடியாத அன்று தங்கையோ தம்பியோ அந்தப் பெயருக்கு ஏறும். அன்றைக்கு "முருகம்மா" என்று கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று ஏறினவள் பேச்சி. பெட்டி அடைக்கிற அறையில் தீப்பிடித்தது. ஆபீஸ் நோட்டில் செத்தவள் முருகம்மாள். அவள் பெயர்தான் அடிபட்டது.

மூன்றாம் நாள் நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் தங்கியிருந்த வாத்தியார் வீட்டில் உங்கள் பெட்டியைக் காணோம். ஒரு வரி எழுதவில்லை. நான் எத்தனை நாள் தபால்காரரைப் பார்த்து நின்றிருப்பேன் தெரியுமா? திட்டுவதற்கு இல்லை. அன்றைக்கு நடந்தது தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். வேறு யாரிடம் பேச?

ஒன்று மட்டும் சொல்லுங்கள். கணினியில் இருக்கிறது என்கிறீர்களே, அது பூட்டிய கணினியா?

முருகம்மாள்

—

சென்னை
2.8.2009

அன்புள்ள முருகம்மாள்,

இல்லை. பூட்டிய கணினி இல்லை.

உன் கடிதம் வந்த பிறகுதான் நானே போய்ப் பார்த்தேன். மையத்தின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் பெயர்ப் பட்டியல் வருகிறது. பெயரைத் தொட்டால் படிவம், முன்பக்கமும் பின்பக்கமும். ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் என்று உனக்கு எழுதினேன். பார்க்காமல் எழுதினேன். ஆய்வேட்டில் ஒரு பெயரைக்கூட நான் போடவில்லை, எல்லோரையும் எண்ணாகத்தான் குறிப்பிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்.

மைய இயக்குநர் சீனிவாசகத்திடம் போனேன். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். "மேடம், நீக்கணும்னா எந்தச் சட்டப் பிரிவுன்னு குறிப்பிட்டு எழுதிக் குடுங்க. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தின டேட்டா. அந்த அம்மா ஞாபகம் வச்சிருக்கவா போறாங்க?" என்றார். அந்த அம்மாதான் எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்படியா? அவங்க கையெழுத்துப் போட்ட சம்மதம் ஏதாவது இருக்கா?" என்றார். எது இல்லையோ அதை என்னிடமே கேட்டார்.

சட்டம் படித்த என் தோழி ஒருத்தியிடம் விசாரித்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைப் போன டிசம்பரில் திருத்தியிருக்கிறார்கள். ஒருவருடைய அந்தரங்கத் தகவலை வைத்திருக்கும் கம்பெனி கவனக்குறைவாக இருந்து அதனால் நஷ்டம் வந்தால் ஈடு கேட்கலாமாம். அது இன்னும் அமலுக்கு வரவில்லை. எது அந்தரங்கம் என்று வரையறுக்கவும் இல்லை. எங்கள் மையம் கம்பெனியும் இல்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நம்பிச் சொன்னதற்கு அதில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். தோழி சிரித்தாள். எனக்குச் சட்டங்களின் மேல் பெரிய நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை. இந்த முறை இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

முழுவதையும் எழுதுகிறேன் என்றாய். முழுவதையும் எழுதவில்லை. என்மேல் இரக்கப்பட்டு ஒன்றை விட்டுவிட்டாய். அதை நான் எழுதுகிறேன்.

முந்தின நாள் மாலை ஆற்று மணலில் உன்னிடம், பின்பக்கக் கேள்விகளுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும் என்றேன். "வண்டிக்கு யாரு போவா?" என்றாய். "ஒரு நாள் காய்ச்சல்னு சொல்லேன்" என்றேன். அந்தக் காய்ச்சல் என்னுடையது. பெயருக்கு இன்னொரு பிள்ளை ஏறும் என்பது எனக்குத் தெரியாததும் இல்லை. முப்பத்தொன்றாம் படிவத்திலேயே அதை எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த வழக்கத்தை முதலில் கவனித்தவள் என்று எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. தெரிந்திருந்தும், உன் பெயருக்கு யார் ஏறுவாள் என்று நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். உள்ளே அம்மா, "இவளாச்சும் காச்சல்ல கெடந்து தப்பிச்சாளே" என்று அழுதுகொண்டிருந்தார்கள். நான் திரும்பிவிட்டேன்.

பிரபாவதி

—

ஆனைக்குட்டம்
14.8.2009

பிரபா அக்காவுக்கு,

நீங்கள் எழுதியது என் மகள் மாரிசெல்வி கையில்தான் முதலில் கிடைத்தது. கவரைப் பிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் அனுப்பினவர் பெயரைப் பார்த்துவிட்டு, யார் இது என்று சிவகாசியில் கம்ப்யூட்டர் சென்டரில் போய்த் தட்டியிருக்கிறாள். உங்கள் பெயர் வந்ததாம். அதிலிருந்து ஊர் வந்ததாம். ஊரிலிருந்து நான் வந்தேனாம்.

"அம்மா, ஒன் பேரத் தொட்டா ஒன் வாயால சொன்னதெல்லாம் வருது, சித்தி செத்த தேதியோட" என்றாள்.

"எங்கன?"

"எங்கன இருந்து தொட்டாலும்."

இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்: "அம்மாச்சிக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "சித்தி செத்ததுக்கு நீ காரணமில்லம்மா. ஆனா இத நீ எனக்குச் சொல்லியிருக்கணும், ஒரு கடைக்குள்ள உக்காந்து நான் படிச்சிருக்கக் கூடாது." அவள் சொன்னதில் தப்பு இல்லை.

அந்தப் பக்கத்துக்குக் கீழே, எத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள் என்று எண் இருக்கிறதாம். 41 என்றாள். தெருவில் போகும்போது யாராவது என்னை இரண்டாம் தடவை பார்த்தால் இவர் எத்தனையாவது ஆள் என்று தோன்றுகிறது. நாற்பத்தொரு பேர் யார், அக்கா?

காய்ச்சல் உங்கள் யோசனை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அம்மாவிடம் முனகிக் காட்டியது நான். அதைப் பங்கு போட வேண்டாம்.

முருகம்மாள்

—

சென்னை
9.9.2009

அன்புள்ள முருகம்மாள்,

நாற்பத்தொன்றில் ஏழு நான். ஒன்று மாரிசெல்வி. மற்ற முப்பத்துமூன்று யார் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை என்கிறார்கள். அவர்களில் யாராவது படியெடுத்து வைத்திருந்தால் என்னால் எதுவும் செய்ய முடியாது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

இனி நாற்பத்திரண்டாவது ஆள் இல்லை. அலமாரியின் அடியில் 1991-இல் மையம் எனக்குக் கொடுத்த ஒப்படைப்புச் சீட்டு கிடைத்தது. ஆய்வாளர் எழுத்து மூலம் கேட்டால் தொகுப்பு முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் ஒரு வரி. யாரும் எப்போதும் கேட்காத வரி. சீனிவாசகம் அதை மூன்று முறை படித்தார். "ஒரு ரெக்கார்டுக்காக 214-ஐயும் எடுக்குறீங்களே, மேடம். அடுத்த வருஷம் உங்க மறு ஆய்வு?" என்றார். அதே குடும்பங்களிடம் திரும்பப் போய், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுதும் திட்டம் அது. ஓய்வுபெறுவதற்கு முன் செய்து முடிக்க நினைத்த ஒரே வேலை. இந்தத் தொகுப்பு அங்கே இல்லாவிட்டால் அனுமதி கிடையாது. இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தளத்திலிருந்து எல்லாம் இறங்கிவிட்டது. இரண்டு வாரம் தினமும் தட்டிப் பார்த்தேன். மிஞ்சியிருப்பது ஒரு குறுந்தகடு. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பூட்டியிருக்கிறேன். நீ சிரிக்கலாம்.

இனி ஒரு கேள்வி. 1982-இல் உன் அப்பாவின் கட்டைவிரலை மையில் தோய்த்து வாங்கிக்கொண்டு அதைச் சம்மதம் என்று எழுதினேன். உன்னைக் கேட்கவில்லை. 214 பேரில் ஒருவரையும் கேட்கவில்லை. உயிரோடு இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து இப்போது கேட்கப்போகிறேன். முதலில் உன்னை. எண்பத்தேழை என்ன செய்யட்டும்? அழிக்கலாம். பெயரை எடுத்துவிட்டு வைக்கலாம். அப்படியே வைக்கலாம். எது சொன்னாலும் அப்படியே செய்வேன். யோசிக்க எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

ஒருமுறை நேரில் வர வேண்டும் என்று நினைக்கிறேன். உன் அம்மாவின் முன்னால் உட்கார எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிரபா

—

ஆனைக்குட்டம்
20.10.2009

பிரபா அக்காவுக்கு,

தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன். சீசனில் பேனா பிடிக்கக் கை ஓயவில்லை.

கடைசியில் 196 சேர்ந்தது. மற்றது நான் கேட்கப் போகுமுன்னே கைவேகம் உள்ளவர்கள் உருட்டித் தள்ளிவிட்டார்கள். எல்லாம் லோடு ஏறி எந்தெந்த ஊருக்கோ போய் வெடித்தும் முடிந்திருக்கும். உங்கள் தெருவில் சிதறிக் கிடந்த தாளில் 'ழ'வுக்கு வால் நீளமாக இருந்திருந்தால் குனிந்து எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எண்பத்தேழை மட்டும் நான் உருட்டவில்லை. கம்பியில் இரண்டு தடவை சுற்றிவிட்டுப் பிரித்தேன். பின்பக்கம் கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. சின்ன விரல். முந்தின நாள் மாலை நீங்கள் எனக்காக எடுத்து வைத்த வெற்றுத் தாளில் அவள் வைத்தது. எங்களிடம் பேச்சியின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

தீபாவளி அன்று மத்தியானம் அம்மாவிடம் அதைக் கொடுத்தேன். "பேச்சி வெரலு" என்றேன். அம்மா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். தன் விரலை அதன்மேல் வைத்து அளந்தாள். அப்புறம், "இதுல எழுதியிருக்கிறது என்ன?" என்றாள்.

நான் வாசித்தேன். தேதியில் ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். தெருவில் பிள்ளைகள் சரவெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முடியட்டும் என்று அம்மா காத்திருந்த மாதிரி இருந்தது.

"அன்னைக்கு ஒன் நெத்தியத் தொட்டுப் பாத்தேன்" என்றாள். "பச்சத்தண்ணி கணக்கா இருந்துச்சு."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ எந்திரிச்சிருவ. பிள்ள ஒரு நா கெடக்கட்டுமேன்னு விட்டேன். வண்டிச் சத்தம் கேட்டுச்சு. பேர அடிச்சிருவானேன்னு பேச்சிய நாந்தான் தட்டி எழுப்புனேன். அது எந்திரிக்க மாட்டேன்னு சொல்லுச்சு." தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நானும் ஒங்கிட்டச் சொல்லல. போ, சோத்த வையி" என்றாள்.

சாப்பிடும்போது உங்களைக் கேட்டாள். "அந்த விருதுநகர்ப் பிள்ள நல்லா இருக்கா? அவளும் சின்னப் பிள்ளதான அன்னைக்கு?" என்றாள். பொங்கலுக்கு வாருங்கள். தைரியம் வந்த பிறகு வருகிறேன் என்றால் வரவே மாட்டீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில். யோசித்தோம், அம்மாவும் மாரிசெல்வியும் நானும். எண்பத்தேழை அழித்துவிடுங்கள். பெயரை எடுத்துவிட்டு வைப்பது எல்லாம் வேண்டாம். அது நான் உங்களிடம் சொன்னது, உங்களிடம் மட்டும். தாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அது போதும்.

ஆனால் மாரிசெல்வி ஒன்று சொன்னாள். அந்த 214-இல் பேச்சியே இல்லையாம். என் தாளில் 'தங்கை 1' என்று ஒரு கட்டத்துக்குள் இருக்கிறாள், அவ்வளவுதான். ஆபீஸ் நோட்டிலும் அவள் இல்லை. என்னை அழித்தால் அந்தக் கட்டமும் போய்விடும். அதனால் புதிதாக ஒரு படிவம் எழுதுங்கள். எண் 215.

பெயர்: பேச்சியம்மாள். வயது: பதினொன்று. ஊர்: ஆனைக்குட்டம். தொழில்: அக்காவின் பெயருக்கு வண்டி ஏறினாள். சம்மதம் கொடுத்தவர்கள்: அம்மா, அக்கா.

இதைப் பூட்ட வேண்டாம்.

முருகம்மாள்